பழைய தங்கக் கைக்கடிகாரங்கள்: சென்னையில் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பழைய தங்க வாட்சுகளைச் சேர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீரோவில் அப்படி ஒன்று கிடந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பங்களுக்காகவும்தான். இந்த ஊரில் தங்கம் என்றதும் கை தராசைத் தேடும். நகைக்கு அது சரி. வாட்சுக்கு அந்தப் பழக்கத்தைப் போல் கெடுதல் செய்வது வேறொன்றில்லை.

தாத்தாவின் தங்க வாட்ச் ஓடாமல் கிடக்கிறது. நகைக்கடையில் எடைக்குப் போட்டால் நல்ல விலை வருமா?

தயவுசெய்து போடாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். 1950, 60களின் மெல்லிய ஆண்கள் வாட்ச் ஒன்றின் கேஸ், அதாவது மெஷினை மூடியிருக்கும் வெளிக்கூடு, 12 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 காரட் என்றால் நான்கில் மூன்று பங்கு தங்கம், அதாவது 9 கிராம். 22 காரட் சவரன் நகை ஒன்றில் ஏறத்தாழ 7.3 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. ஆக, ஒரு சவரனுக்குச் சற்று மேலான தங்கத்துக்காகத்தான் அந்த வாட்சைப் பலி கொடுக்கிறீர்கள்.

எடைக்கு வாங்குபவர் கண்ணாடியையும் டயலையும் மெஷினையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுக் கேஸை மட்டும் உருக்குவார். அவருடைய தொழில் அது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேஸ் போன பிறகு, நன்றாக ஓடும் சுவிஸ் மெஷினும் உதிரிப் பாகமாகத்தான் விலை போகும். ஓடாத வாட்ச் என்றால் செத்த வாட்ச் என்று பொருளில்லை. பல வருடம் சாவி கொடுக்காமல் கிடந்ததில் உள்ளே எண்ணெய் பிசினாகக் கெட்டியாகியிருக்கும், அவ்வளவுதான். விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம். அது என்ன வாட்ச் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

தங்கம் என்பதால்தானே இவற்றுக்கு இவ்வளவு விலை?

இல்லை. பாடெக் ஃபிலிப் நிறுவனம் 1941இல் 1518 என்ற மாடலைக் கொண்டுவந்தது. மாதத்தின் நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டியும், ஸ்டாப்வாட்ச் போல நேரம் அளக்கும் குரோனோகிராஃபும் ஒன்றாக அமைந்து வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கைக்கடிகாரம் அதுதான். மொத்தம் 281 மட்டுமே செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் தங்கம், கொஞ்சம் ரோஸ் கோல்டு. ஸ்டீலில் செய்தவை நான்குதான் இதுவரை வெளியே தெரிந்திருக்கின்றன. 2016இல் ஜெனீவா ஏலத்தில் அந்த ஸ்டீல் வாட்சுகளில் ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. நான் அறிந்தவரை அதே மாடலின் தங்க வாட்ச் எதுவும் அந்த விலையைத் தொட்டதில்லை.

அரிதாக இருக்க வேண்டும், செய்தபடியே இருக்க வேண்டும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடிய வேண்டும். விலையைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். உலோகம் அதற்குப் பிறகு.

தங்க வாட்சை விரும்புபவர்களுக்கு இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. உலகச் சந்தையின் மோகம் சில காலமாக ஸ்டீல் ஸ்போர்ட்ஸ் வாட்சுகளின் பக்கம் சாய்ந்திருந்ததால், அழகான பழைய தங்க வாட்சுகள் பல, அவற்றில் இருக்கும் வேலைப்பாட்டுக்கு மிக நியாயமான விலையில் கிடைத்துவந்தன. மெல்லிய, எளிமையான, கையில் இருப்பதே தெரியாத தங்க வாட்ச் 20ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கைவினைகளில் ஒன்று. 1932இல் வந்த பாடெக் 96 மாடலைப் பாருங்கள். வட்டமான கேஸ், அதே உடம்பிலிருந்து வழிந்து இறங்கும் ஸ்ட்ராப் கொக்கிகள், தேவையில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு வந்த டிரெஸ் வாட்சுகள், அதாவது விசேஷ உடையோடு கட்டும் மெல்லிய வாட்சுகள், எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்குக் கடன்பட்டவை.

லிமிடெட் எடிஷன் என்று பின்மூடியில் எண் போட்டிருந்தால் போதுமா?

போதாது. எதற்காக, எப்போது, எத்தனை செய்தார்கள் என்று கேளுங்கள்.

சரியான காரணத்தோடு பிறந்த ஒன்றைச் சொல்கிறேன். மனிதன் நிலவில் கால் வைத்த 1969இல் ஒமேகா நிறுவனம் ஸ்பீட்மாஸ்டர் வாட்சை 18 காரட் தங்கத்தில், சிவந்த நிற வளையத்தோடு செய்தது. மொத்தம் 1,014. முதல் எண் அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு, இரண்டாவது துணை அதிபருக்கு என்று ஒதுக்கினார்கள். பரிசின் மதிப்பு அதிகம் என்று அவர்கள் ஏற்கவில்லை. அந்த நவம்பரில் ஹூஸ்டன் நகரில் நடந்த விருந்தில் விண்வெளி வீரர்களுக்கு அந்த வரிசை வாட்சுகள் வழங்கப்பட்டன. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிகழ்வும் ஒரு பெயர்ப்பட்டியலும் இருக்கின்றன.

ஜேகர் லகூல்த்ர் நிறுவனத்தின் ரிவெர்ஸோ 1931இல் பிறந்தது. இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி உடையாமலிருக்க, திருப்பி மூடும்படி அமைத்த வாட்ச் அது. அதன் 60ஆம் ஆண்டுக்கு, 1991இல், ரோஸ் கோல்டில் 500 மட்டும் செய்தார்கள். பாடெக் தன் 150ஆம் ஆண்டான 1989இல் 3960 என்ற மாடலை மஞ்சள் தங்கத்தில் 2,000, வெள்ளைத் தங்கத்தில் 150, பிளாட்டினத்தில் 50 என்று வெளியிட்டது. இவையெல்லாம் அறிவித்து, எண்ணிச் செய்தவை.

பழைய காலத்தில் பெரும்பாலும் அப்படி அறிவிக்கவே மாட்டார்கள். வாங்க ஆள் குறைவு, செய்யக் கைகள் குறைவு, அதனால் எண்ணிக்கை குறைவு. பாடெக் 2499 மாடல் 1951இலிருந்து 1985 வரை செய்யப்பட்டது. மொத்தமே 349. சராசரியாக ஆண்டுக்குப் பத்து. அதில் எங்கும் 'லிமிடெட்' என்று எழுதியிருக்காது. விளம்பரத்துக்காக எண்ணிட்ட 5,000 வாட்சுகளில் ஒன்றைவிட, எண்ணிடாமலே அரிதாகிப்போன ஒன்றைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

முழுத் தங்கமா, முலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே இருக்கும் முத்திரைதான் முதல் சாட்சி. சுவிட்சர்லாந்தில் செய்த 18 காரட் கேஸில் 1995 வரை ஹெல்வேசியா என்ற பெண்ணின் தலை முத்திரையாக இருக்கும். 14 காரட்டுக்கு அணில். 1995க்குப் பிறகு செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. பிரான்ஸில் 18 காரட்டுக்குக் கழுகுத் தலை. இங்கிலாந்தில் 9 காரட் பரவலாக இருந்தது. அதில் 375 என்ற எண்ணும், பர்மிங்ஹாமில் சோதித்ததென்றால் நங்கூரமும், லண்டன் என்றால் சிறுத்தைத் தலையும், எந்த ஆண்டு என்று காட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தை வைத்தே கேஸின் வயதைச் சொல்லிவிடலாம். எண்களைப் பொறுத்தவரை 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14 காரட்.

முலாம் பூசியதில் பெரும்பாலும் 'பிளாக்கே ஓர்', 'கோல்டு ஃபில்டு', 'ரோல்டு கோல்டு', '20 மைக்ரான்' போன்ற எழுத்துகள் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே தங்க நிறமும் பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால், அநேகமாக முலாம்தான். ஸ்ட்ராப் கொக்கியின் முனையில், அடிக்கடி தேயும் இடத்தில், அடியிலிருக்கும் வெள்ளை உலோகம் எட்டிப் பார்க்கும்.

நன்றாக விவரம் தெரிந்தவர்களையும் தடுமாற வைப்பது கார்த்தியே நிறுவனம் 1977இல் கொண்டுவந்த மஸ்ட் வரிசை. வெள்ளிக் கேஸ்மேல் தங்க முலாம். முத்திரையும் இருக்கும், நிறமும் இருக்கும், பெயரும் கார்த்தியே. ஆனால் முத்திரையில் 925 என்றிருக்கும், அது வெள்ளிக்கான எண். அசல் கார்த்தியேதான், தங்கக் கேஸ் கிடையாது. முழுத் தங்க விலை கொடுத்துவிடாதீர்கள்.

முத்திரையையும் போலியாக அடிக்க முடியும். சந்தேகம் வந்தால் சௌகார்பேட்டை, தி.நகர் பக்கமுள்ள தங்கப் பரிசோதனை மையங்களில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துப் பாருங்கள். ஒரு கீறல்கூட விழாது. ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். கனமான முலாம் அதை ஏமாற்றலாம் என்பதால் முத்திரை, எடை, தேய்ந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உரைகல்லில் உரசவோ அமிலம் வைக்கவோ யாரையும் விடாதீர்கள்.

நம் ஊர் ஹால்மார்க் இல்லையே, அது பிரச்சினையா?

இல்லை. 2021 ஜூனில் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமானபோதே கைக்கடிகாரங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

டயல் பளபளவென்று புதிதாக இருக்கிறது. நல்லதுதானே?

எனக்கு அதுதான் பயம். ஐம்பது அறுபது வருடம் ஆன டயலில் காலத்தின் தடம் ஏதாவது இருந்தே ஆக வேண்டும். இலேசான மஞ்சள், ஓரத்தில் ஒரு புள்ளி, மங்கிய எழுத்து. அப்படி எதுவுமே இல்லையென்றால் அது மீண்டும் சாயம் பூசிய டயலாக இருக்கலாம். இந்தியாவில் இது மிகப் பெரிய பிரச்சினை. மழைக்கும் வியர்வைக்கும் கெட்ட டயல்களை மும்பை போன்ற ஊர்களில் பட்டறை வைத்து மாற்றி மாற்றி எழுதினார்கள். அப்படி வந்த வாட்சுகள் இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. பழுதானதைச் சரிசெய்து கையில் கட்டுவதற்காக ஆரம்பித்த வேலைதான். பிற்பாடு அதிலிருந்து கற்பனை டயல்களும் வந்துவிட்டன.

எப்படிப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், சேகரிப்பவருக்கு வாட்சுக்கு முன்பே வேண்டியது அது. கம்பெனிப் பெயரின் எழுத்துகள் ஒரே கனத்தில், கூர்மையான விளிம்போடு இருக்க வேண்டும். நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற எழுத்து விளிம்பில் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே மாடலின் நம்பகமான படத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். மங்கினாலும் அசல் டயல்தான் எனக்கு வேண்டும். இதில் சமரசம் செய்துகொண்ட சேகரிப்பு எதையும் நான் பெரிதாக மதிப்பதில்லை.

பியாஜே வாட்சுகளுக்கு இது இன்னும் பொருந்தும். 1957இல் 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள 9பி என்ற மெஷினை அவர்கள் கொண்டுவந்தார்கள். மெஷின் மெலிந்ததால் டயலுக்கு இடம் கிடைத்தது. 1960களில் லாபிஸ், மலகைட், புலிக்கண் கல் என்று மெல்லிய கல் சீவலையே டயலாக வைத்தார்கள். அந்தக் கல் விரிசல்விட்டால் ஒட்டவோ எழுதவோ வழியில்லை. வாங்குமுன் விளக்கைச் சாய்த்துப் பிடித்து விரிசலைத் தேடுங்கள்.

கேஸைப் பாலிஷ் போட்டு வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பாலிஷும் தங்கத்தைச் சுரண்டித்தான் பளபளப்பைத் தருகிறது. கூர்மையான விளிம்புகள் மழுங்கும், முத்திரை அழியும், அழிந்தது திரும்பாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

பின்மூடியில் பெயரும் கல்யாணத் தேதியும் பொறித்திருக்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடுவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். பழைய கம்பெனிகள் நெடுங்காலம் வேலை பார்த்தவர்களுக்குப் பெயர் பொறித்த வாட்ச் கொடுத்ததும் உண்டு. தமிழ் வீடுகளில் இருக்கும் தங்க வாட்சுகளில் பல இந்த இரண்டு வழிகளில் வந்தவைதான். எழுத்து இருந்தால் விலை குறையும் என்று சில வியாபாரிகள் சொல்வார்கள். உண்மையில், எழுத்தை அழித்துப் பின்மூடியை மெலிய வைத்தால்தான் குறையும். அந்தப் பெயரோடு பொருந்தும் கல்யாணப் பத்திரிகை, பழைய புகைப்படம், கடை ரசீது ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வாட்சோடு சேர்த்து வையுங்கள். கையில் அந்த வாட்ச் தெரிகிற ஒரு பழைய ஸ்டுடியோப் படம் எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

கம்பெனியே சான்றிதழ் தந்துவிட்டால் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். பாடெக், வாஷரோன், லான்ஜின்ஸ் போன்ற பழைய நிறுவனங்கள் தங்கள் பேரேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. மெஷின் எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு, எந்த உலோகத்தில் செய்தது என்று எடுத்துத் தருவார்கள். ஆனால் அந்தத் தாள் பேரேட்டில் உள்ளதைச் சொல்கிறதே தவிர, உங்கள் கையில் இருப்பதைப் பிரித்துப் பார்த்துச் சொல்லவில்லை. எண் பொருந்தும் மெஷினைச் சுற்றி வேறு டயல், வேறு முள், வேறு கேஸ் இருக்கலாம்.

நிபுணர்களும் இதில் தப்பவில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஆரம்பகால ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒன்று அது என்பதும், முன்னாள் ஊழியர்கள் சிலர் இதில் சம்பந்தப்பட்டிருப்பதாக நிறுவனமே சொன்னதும் 2023இல் வெளியாயின. அதனால் டயல், முள், சாவி (பக்கவாட்டில் திருகும் குமிழ்), மெஷின், கேஸ் ஐந்தையும் தனித்தனியே விசாரியுங்கள். ஒன்று சரி என்றால் மற்றதும் சரியாக இருக்கும் என்று எண்ணக்கூடாது.

சென்னையில் எங்கே தேடலாம்?

உண்மையில் நல்ல வாட்சுகள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் காத்திருப்பதில்லை, வீடுகளில் இருக்கின்றன. மயிலாப்பூர், புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் பக்கத்துப் பழைய வீடுகள் காலியாகும்போது வெளிவரும். பாரிமுனையைச் சுற்றியுள்ள பழைய ரிப்பேர் கடைகளோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக் குடும்பங்களின் வாட்சுகளுக்கு ஆயில் போட்ட பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். எதை யார் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களை நம்பினால்தான் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்குக் காலம் கொடுங்கள்.

அடகுக் கடைகளில் மீட்காமல் போனவை கிடைப்பதுண்டு, ஆனால் அங்கே எடைதான் பேச்சு. டயலையும் மெஷினையும் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

மவுண்ட் ரோட்டில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், பி. ஓர் (P. Orr) அண்ட் சன்ஸ். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மெட்ராஸில் கடிகாரம் விற்ற நிறுவனம். அதன் பெயரும் 'மெட்ராஸ்' என்ற சொல்லும் டயலில் பொறித்த பாக்கெட் வாட்சுகள் இன்றும் கண்ணில் படுகின்றன. விற்ற கடையின் பெயர் டயலில் இருப்பது உலகெங்கும் சேகரிப்பவர்கள் மதிக்கும் விஷயம். நம் ஊர்ப் பெயர் தாங்கிய ஒன்று கிடைத்தால் அதை இந்த ஊரிலேயே யாராவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

ரசீது இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும்?

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் தங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். கடத்தல் பொருள் என்று நியாயமான சந்தேகத்தில் அதிகாரிகள் கைப்பற்றினால், அது கடத்தியதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. தங்க வாட்ச் என்றால் அந்தப் பட்டியலில் இரண்டு வகையிலும் வருகிறது.

அப்படி ஒரு சட்டம் வரக் காரணம் இருந்தது. வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதையே தடுத்தது, 1990இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் விற்கும் பர்மா பஜாரில் வாட்ச் வாங்காத மெட்ராஸ் குடும்பம் குறைவு. இன்றைக்குச் சந்தைக்கு வரும் பழைய வாட்சுகளில் பலவற்றின் பிறப்புக் கதை இப்படி மங்கலானதுதான்.

அதனால் விற்பவரின் பெயர், முகவரி, மாடல் எண், மெஷின் எண், எப்படி அவரிடம் வந்தது என்ற விவரம் எல்லாம் உள்ள கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். குடும்பத்திலிருந்து வாங்கினால் ஒரு கடிதம் போதும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் சென்னை விமான நிலையத்தில் அறிவித்துத் தீர்வை கட்டி, அந்தச் சீட்டை வாட்ச் இருக்கும்வரை வைத்திருங்கள். தீர்வைக்குப் பயந்து கையில் கட்டிக்கொண்டு நடந்துவிடலாம் என்று யோசனை சொல்பவர் உங்கள் நண்பரல்ல.

ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்பேன் என்கிறார்களே?

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனைக்கு ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியே கொடுங்கள், அதுவே உங்களுக்கும் சான்று. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்கு விற்பனையாளர் 1 சதவீத வரியை வாங்குபவரிடம் வசூலிக்கும் முறையும் வந்தது. அது உங்கள் பான் எண்ணில் பதிவாகும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

நம் வெயிலிலும் கடற்காற்றிலும் பழைய வாட்ச் தாங்குமா?

தங்கக் கேஸ் தாங்கும், உள்ளே இருப்பதுதான் தாங்காது. 1960களின் டிரெஸ் வாட்சுக்குள் ஈரம் புகாமல் தடுக்கப் பெரும்பாலும் எதுவும் இல்லை, இருந்த ரப்பர் வளையமும் காய்ந்து போயிருக்கும். சித்திரை, வைகாசியில் வியர்வை சாவி வழியாக உள்ளே இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் அன்றைக்கே ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் விட்டால் டயலில் புள்ளி விழுந்து, ஸ்டீல் பாகங்கள் துருப்பிடிக்கும்.

மாலை நேரத்தில், ஏசி உள்ள இடத்துக்குப் போகும்போது கட்டுங்கள். தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றியதும் காற்றாட வையுங்கள், மூடி வைத்தால் பூசணம் பூக்கும். ஸ்ட்ராப்பை மாட்டும் அசல் பக்கிள் தங்கமாக இருந்தால் அதைத் தனியே பத்திரப்படுத்திவிட்டுத் தினசரிக்கு வேறு போடலாம். சேமிக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். நிறம் மாறியதும் அதை மாற்றுங்கள்.

சர்வீஸ் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை?

தொடர்ந்து கட்டுவதாக இருந்தால் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி ஆயில் போட வேண்டும். கொடுக்கும்போது மூன்று விஷயத்தை எழுதிக் கொடுங்கள்: கேஸைப் பாலிஷ் போடக்கூடாது, டயலைத் தொடக்கூடாது, மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். மாற்றப்பட்ட முள்ளோ சாவியோ அசல் என்பதால், பழுதானாலும் அதற்கு மதிப்புண்டு. தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் பல்சக்கரங்கள் கோத்துக்கொண்டிருக்கும், பல் உடையும்.

பேட்டரி வாட்ச் என்றால் ஒதுக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பேட்டரியில் ஓடும் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமே தங்கத்தில் பிறந்ததுதான். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம் ஆஸ்ட்ரானை 18 காரட் கேஸில், 4,50,000 யென் விலைக்கு வெளியிட்டது. அன்று ஒரு டொயோட்டா கொரோலா காரின் விலை அது. லிமிடெட் எடிஷனை அவ்வளவாக விரும்பாத ரோலெக்ஸ்கூட 1970இல் தன் முதல் குவார்ட்ஸ் வாட்சான 5100 மாடலைத் தங்கத்தில், எண்ணிட்டு, 1,000 மட்டுமே செய்தது. இவற்றை ரிப்பேர் செய்யப் பாகம் கிடைப்பது மிகக் கடினம். ஓடுகிற நிலையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அவ்வளவு பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

9 காரட் இங்கிலாந்துக் கேஸில் 1940, 50களின் ஒமேகா, லான்ஜின்ஸ் வாட்சுகளைப் பாருங்கள். தங்கம் குறைவு, மெஷின் அதே தரம், முத்திரையில் ஆண்டு தெளிவாக இருக்கும். படிக்கவும் பழகவும் இதைவிட நல்ல இடம் இல்லை. ரோலெக்ஸ் டே-டேட், 1956இல் வந்ததிலிருந்து தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே செய்யப்படுவது. அது பிறகு வரட்டும்.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டனுக்கு ஓசூரில் தொழிற்சாலை. அதன் நெபுலா வரிசை 18 காரட் தங்கத்தில் வருவது. பழைய நெபுலாக்களை இன்று யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. பெட்டி, ரசீது, உத்தரவாத அட்டையோடு கிடைத்தால் எடுத்து வைக்கலாம் என்பது என் கருத்து. லாபத்தை எண்ணிச் சொல்லவில்லை, நம் மாநிலத்து வேலை என்பதால் சொல்கிறேன்.

லாக்கரில் வைத்தால் பத்திரம்தானே?

திருட்டுக்குப் பத்திரம். ஆனால் ரிசர்வ் வங்கியின் 2022 முதலான விதிப்படி தீ, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றில் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சேதத்துக்கு அதுவும் இல்லை. 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இது முக்கியம். அடித்தள லாக்கரைத் தவிருங்கள். மதிப்பீட்டுச் சான்றும் படங்களும் வைத்துத் தனியாகக் காப்பீடு எடுங்கள்.

விற்க வேண்டி வந்தால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?

மிக அரிதானதென்றால் ஜெனீவா, ஹாங்காங் ஏலங்கள்தான் சரியான சந்தை. அங்கே வாங்குபவர் ஏலத்தொகைக்கு மேல் ஏறத்தாழ காற்பங்கைக் கட்டணமாகக் கொடுக்கிறார். விற்பவரிடமும் கழிவு உண்டு. அதையெல்லாம் கணக்கிட்டுத்தான் எதிர்பார்ப்பை வைக்க வேண்டும். வயதையும் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1920களின் தொடக்கத்து வாட்சுகள் அந்த வயதை எட்டிவிட்டன. அப்படி ஒன்று இருந்தால், அனுப்புமுன் அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. வாட்சின் படங்கள், எண்கள், ரசீது நகல்களோடு போனால் வேலை எளிது.